திருச்சபையும் எச்.ஐ.வி.யும்: சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயர்கள், பங்குத்தந்தையர், சபை மூப்பர்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்தார், வாலிபர் சங்கத்தார் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். எந்தச் சபைப் பிரிவினரும் பயன்படுத்தலாம்.

மாத்திரைதான் வந்துவிட்டதே, இன்னுமா இது உலக நெருக்கடி?

ஆம். 2024ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் ஏறத்தாழ 4 கோடியே 8 லட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள் என்று ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 13 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்றியது. 6 லட்சத்து 30 ஆயிரம் பேர் இறந்தார்கள். வைரஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் 3 கோடியே 16 லட்சம் பேர். மீதியுள்ள 90 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மருந்து போய்ச் சேரவில்லை. அவர்களில் பலருக்குத் தமக்குத் தொற்று இருப்பதே தெரியாது.

போதாக்குறைக்குப் பணமும் வற்றுகிறது. 2003இல் அமெரிக்கா தொடங்கிய பெப்ஃபார் என்ற எய்ட்ஸ் உதவித் திட்டம்தான் ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் எய்ட்ஸ் பணியைத் தாங்கி நின்றது. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்தி ஆணையிட்டது. பிறகு சிகிச்சைக்கு விலக்கு கொடுத்தார்கள் என்றாலும், அதற்குள் வீடு வீடாகப் போய்ப் பார்த்துவந்த பணியாளர்கள் பலர் வேலையை இழந்திருந்தார்கள். கிடங்கில் மருந்து இருந்தும் நோயாளி வராமல் போவது இப்படித்தான்.

அரசு இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது. சபைக்கு இதில் என்ன வேலை?

தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றைப் பரிசோதிக்கும் எலிசா வசதி இருந்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். மாதிரிகள் அங்கே போயின. ஆறு பெண்களுக்குத் தொற்று உறுதியானது.

அடுத்த ஆண்டே, ஜாம்பியாவில் இரட்சணிய சேனை நடத்தும் சிக்கன்காட்டா மருத்துவமனை, நோயாளிகளைப் படுக்கையில் வைத்துக்கொண்டே இருக்க முடியாது என்று கண்டு அவர்களுடைய வீடுகளுக்கே குழுக்களை அனுப்பியது. வீட்டுவழிப் பராமரிப்பு என்று பிற்பாடு ஆப்பிரிக்கா முழுவதும் பரவிய முறை இது. 2002இல் சாந்து எஜீதியோ என்ற கத்தோலிக்கச் சமூகம் மொசாம்பிக்கில் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. ஏழை நாட்டு மக்களால் நேரம் தவறாமல் மாத்திரை சாப்பிட முடியாது என்று பணக்கார நாடுகளில் பலர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது மாதத்தில் பத்து நிமிடம். மீதி நாளெல்லாம் அவர் வாழ்வது தெருவில், வீட்டில், சபையில். மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பது அங்கேதான் முடிவாகிறது.

இன்னொரு காரணம் கசப்பானது. இந்த நோய்க்கு ஒட்டிக்கொண்ட அவமானத்தில் சபைகளுக்கும் பங்குண்டு. தண்டனை என்று பிரசங்கித்தோம். அடக்க ஆராதனையை மறுத்த சபைகளும் உண்டு. 2001இல் நைரோபியில் கூடிய சபைகளின் பிரதிநிதிகள், உலகத் திருச்சபை மன்றத்தின் முன்னெடுப்பில் ஒரு செயல்திட்டம் வகுத்தார்கள். தொற்றைத் தடுக்கச் சபைகள் செய்யக்கூடிய மிகப் பெரிய பங்களிப்பு களங்கத்தையும் ஒதுக்குதலையும் ஒழிப்பதே என்று அதில் எழுதினார்கள். நாம் போட்ட முடிச்சை நாமே அவிழ்க்க வேண்டும் என்பதால் இதைத் தருமம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

இது பாவத்தின் சம்பளம் அல்லவா?

பிறவிக் குருடனைக் காட்டி "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்று இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். யோவான் 9ஆம் அதிகாரம்.

நடைமுறையிலும் இந்தக் கணக்கு உதைக்கிறது. இந்தியாவில் தொற்றுள்ள மணமான பெண்களில் பெரும்பாலோருக்குக் கணவரிடமிருந்துதான் வந்தது. அவர்கள் கற்போடு இருந்தார்கள், சபைக்கு ஒழுங்காக வந்தார்கள், தொற்றும் வந்தது. தாயிடமிருந்து பெற்ற குழந்தையையும், பரிசோதிக்காத இரத்தம் ஏற்றப்பட்டவரையும் எந்தப் பட்டியலில் வைப்பது? சரி, தன் நடத்தையால் தொற்றியவர் என்றே இருக்கட்டும். குடித்துக் கல்லீரல் கெட்டவரை மருத்துவமனையில் போய்ப் பார்த்து ஜெபிக்கிற ஆயர், இவரிடம் மட்டும் காரணம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாரா?

இது வெளியே உள்ளவர்களின் பிரச்சினை. நம் சபையில் யாரும் இல்லையே?

இந்தியாவில் வயதுவந்தோரிடையே தொற்று விகிதம் ஏறத்தாழ 0.2 சதவீதம். 2023 மதிப்பீட்டில் மிசோரமில் அது 2.73, நாகாலாந்தில் 1.37. இரண்டுமே கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் மாநிலங்கள். போதை ஊசியைப் பகிர்ந்துகொள்வது அங்கே முக்கியக் காரணங்களில் ஒன்று. உலகத்தில் தொற்றுள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனைக்கு இடம் போதாமல் நிற்கிற நாடுகள் அங்கே பல.

உங்கள் சபையில் யாரும் இல்லை என்று தோன்றுவது, யாரும் சொல்லவில்லை என்பதால் இருக்கலாம். உகாண்டாவின் ஆங்கிலிகன் குருவானவர் கிதியோன் பியமுகிஷா 1992இல் தமக்குத் தொற்று இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். ஆப்பிரிக்காவில் அப்படிச் சொன்ன முதல் மதத் தலைவர் அவர். அதற்கு முன்பும் தொற்றுள்ள குருமார்கள் இருந்தார்கள், சொல்லத்தான் முடியவில்லை.

ஒரே கிண்ணத்தில் திருவிருந்து எடுக்கலாமா? ஞானஸ்நானத் தொட்டி?

எடுக்கலாம். எச்.ஐ.வி. எச்சிலால் பரவாது, தொட்டித் தண்ணீர், சமாதான முத்தம், அசனப் பந்தி, ஒரே பாய் எதனாலும் பரவாது. பரவும் வழிகள் பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தமும் ஊசியும், தாயிடமிருந்து குழந்தைக்கு கருவிலோ பிரசவத்திலோ பாலூட்டும்போதோ. அவ்வளவுதான்.

பயம் சரியான திசையில் இல்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்குத்தான் நம்மால் ஆபத்து. தொற்றுள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது காசநோய், அது காற்றில் பரவும். ஆலயத்தில் ஏ.சி. போட்டுச் சன்னல்களை மூடிவைப்பதைவிடத் திறந்துவைப்பது நல்லது. இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை இவற்றில் ஒன்று இருந்தாலும் தொற்றுள்ளவர் காசநோய்ப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

ஜெபத்தில் குணமான சாட்சிகளைக் கேட்கிறோமே. மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தக்கூடாது. சபைச் சூழலில் நேர்கிற மரணங்களில் நம்மால் தடுக்கக்கூடியவை இந்த இடத்தில்தான் இருக்கின்றன. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

இப்போது இந்தியாவில் பெரும்பாலோருக்குக் கொடுக்கப்படுவது ஒரே மாத்திரை. டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் அதில் சேர்ந்திருக்கும். ஒரு நாளைக்கு ஒன்று, ஆயுள் முழுக்க. ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் இரத்தத்தில் வைரஸ் அளவு மிகக் குறைந்துவிடும். "கண்டறிய முடியவில்லை" என்று அறிக்கையில் வரும். குழப்பம் தொடங்குவது இங்கேதான். அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு "கர்த்தர் சுகமாக்கினார், ரிப்போர்ட் நெகட்டிவ்" என்று மேடையேறிவிடுகிறார்கள். வைரஸ் போய்விடவில்லை. உடலின் சில செல்களுக்குள் உறங்கிக் கிடக்கிறது. எதிரணு (ஆன்டிபாடி) பரிசோதனை செய்தால் அப்போதும் பாசிட்டிவ் என்றே வரும்.

மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வைரஸ் ஏறிவிடும். ஆனால் உடம்பு உடனே படுத்துவிடாது. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், தெம்பாகவே இருப்பார். அதனால் சாட்சி உண்மை என்றே சபை நம்பும். அவர் விழும்போது காசநோயோ மூளைத் தொற்றோ முற்றியிருக்கும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகி, அடுத்த கட்ட மருந்துக்கு மாற வேண்டிவரும்.

எங்கள் பரிந்துரை இது: குணமானதாகச் சாட்சி சொல்ல வருகிறவரிடம் "இன்று மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று முதலில் கேளுங்கள். மேடையை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெளியூர்ப் பிரசங்கியாரை அழைக்கும்போதே, மருந்தை நிறுத்தும்படி யாரிடமும் சொல்லக்கூடாது என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

உபவாச நாட்களில் மாத்திரை?

மேலே சொன்ன மாத்திரையை வெறும் வயிற்றிலும் சாப்பிடலாம், உணவோடும் சாப்பிடலாம். ஆக, உபவாசம் அதற்குத் தடையில்லை. ஒரு வாய்த் தண்ணீர் போதும். அமில நீக்கி மருந்து எடுப்பவர்கள் இதை அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை உணவோடு சேர்த்தால் ஒரே நேரத்தில் எடுக்கலாம். வெறும் வயிற்றில் என்றால் அதே இடைவெளி தேவை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கு டோலுடெக்ராவிர் கூடுதலாக ஒரு வேளை தேவைப்படும் என்பதால் இரண்டு மருத்துவரிடமும் இரண்டு மருந்தையும் சொல்லிவிட வேண்டும்.

ஒருவர் வந்து, தமக்கு எச்.ஐ.வி. இருப்பதாகச் சொன்னால் ஆயர் என்ன செய்வது?

முதலில் கேளுங்கள். எப்படி வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் சொன்னது எந்த நோட்டிலும், சபைப் பதிவேட்டிலும் ஏறக்கூடாது. உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ வீட்டில் பேசுவதும் கூடாது. ஜெபக் குறிப்பு என்ற பெயரில்தான் பெரும்பாலான இரகசியங்கள் கசிகின்றன. "தெற்குத் தெருவில் ஒரு சகோதரர், சொல்லமுடியாத வியாதி, பாரத்தோடு ஜெபியுங்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அரை மணி நேரத்தில் ஊர் பெயரைக் கண்டுபிடித்துவிடும்.

அடுத்து, பரிசோதனை எங்கே செய்தார் என்று கேளுங்கள். ஒரே ஒரு விரைவுப் பரிசோதனை போதாது; இந்தியாவில் அறிகுறி இல்லாதவருக்கு மூன்று வெவ்வேறு பரிசோதனைகள் பாசிட்டிவ் ஆனால்தான் உறுதி. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையத்தில் இது இலவசம். நெகட்டிவ் வந்தாலும், ஆபத்தான தொடர்பு நடந்து மூன்று மாதம் ஆகியிருக்காவிட்டால் திரும்பப் பார்க்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருவர் வந்தால் மணிக்கணக்கு முக்கியம். 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறாரோ அவ்வளவு நல்லது. அன்று இரவே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள்.

உறுதியானால், கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் பதிய வேண்டும். துணைக்கு வரட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உள்ளூர் மையத்தில் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று பயந்தால் வேறு ஊர் மையத்தில் பதியலாம். தூரம் கூடினால் சிகிச்சை விட்டுப்போகும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

வாழ்க்கைத் துணைக்கு யார் சொல்வது? அவரே சொல்ல உதவுவதுதான் உங்கள் வேலை. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம், துணைக்குத் தெரிவிக்கும் அனுமதியைச் சில நிபந்தனைகளோடு மருத்துவருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் மட்டுமே கொடுக்கிறது. அந்தப் பட்டியலில் ஆயர் இல்லை. முடிவு தெரிந்த முதல் சில வாரங்கள் தற்கொலை எண்ணம் வரக்கூடிய நாட்கள், ஆகவே தினம் ஒரு போன் பேசுங்கள். இலவச உதவி எண் 1097.

பிரசங்கத்தில் எப்படிப் பேசுவது?

டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினம், 1988 முதல். திருவருகைக் காலம் தொடங்கும் சமயம் என்பதால் ஆண்டுக்கு ஒரு ஞாயிறு ஒதுக்குவது எளிது. ஆனால் அந்த ஒரு நாளோடு நின்றால் எய்ட்ஸ் ஏதோ தனிப்பிறவி நோயாகவே படும். சர்க்கரை, புற்றுநோய், காசநோய் என்று ஜெபிக்கும்போது அதே மூச்சில் எச்.ஐ.வி.யையும் சொல்லிப் பழகுங்கள். சொல்லாத வார்த்தையைப் பற்றி யாரும் ஆயரிடம் வந்து பேச மாட்டார்கள். எலும்பும் தோலுமான உடல் படங்களைத் திரையில் காட்டாதீர்கள். அந்தப் படத்தில் தன்னைக் கண்டு நடுங்குகிற ஒருவர் மூன்றாவது பெஞ்சில் இருக்கலாம். தொற்று இருந்தும் நன்றாக இருக்கிறவரோ "நான் இப்படி இல்லையே" என்று பரிசோதனைக்கே போகமாட்டார்.

கண்டறிய முடியாத அளவுக்கு வைரஸைக் குறைத்து, அப்படியே வைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. இதைப் பீடத்திலிருந்து சொல்லுங்கள். மாத்திரை சாப்பிட இதைவிட நல்ல தூண்டுதல் கிடையாது.

ஆணுறை பற்றிச் சபை பேசலாமா?

சபைப் பிரிவுக்குப் பிரிவு நிலைப்பாடு வேறு, அதை இங்கே தீர்க்க முடியாது. பொய் சொல்லக்கூடாது என்பதில் எல்லாப் பிரிவும் ஒன்றுதானே. 2003இல் வத்திக்கான் கர்தினால் ஒருவர், ஆணுறை வழியாக வைரஸ் ஊடுருவிவிடும் என்று தொலைக்காட்சியில் சொன்னார். அது தவறு என்று உலக சுகாதார நிறுவனம் மறுத்தது. ஆனாலும் அந்தப் பேச்சு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிகளிடம், சபையில் பேசக் கூச்சமாக இருந்தால் ஆற்றுப்படுத்துநரிடம் அனுப்பிவிடுங்கள்.

கட்டுப்பாடும் உண்மையான மணவாழ்வும் நல்ல போதனைகளே. கணவனிடம் மறுப்புச் சொல்ல முடியாத பெண்ணுக்கு அவை மட்டும் போதாது. எச்.ஐ.வி. உள்ள ஆப்பிரிக்க மதத் தலைவர்களின் கூட்டமைப்பு இதை உணர்ந்துதான் பாதுகாப்பான நடைமுறை, சிகிச்சை, தாமாக முன்வரும் பரிசோதனை, மக்கள் வலுப்பெறுதல் ஆகிய நான்கையும் சேர்த்து ஒரு வழிமுறையை உருவாக்கியது. தென்னாப்பிரிக்காவில் 2 சாமுவேல் 13இலுள்ள தாமாரின் கதையை வைத்துப் பாலியல் வன்முறை பற்றிச் சபைகளில் பேச ஓர் இயக்கமே நடந்தது. நம் பிரசங்க பீடங்களில் அந்த அதிகாரம் எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

திருமணத்துக்கு முன் பரிசோதனையைக் கட்டாயமாக்கலாமா?

வேண்டாம். சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பது சட்டத்துக்கு எதிரானது; திருமண ஓலையை (ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பை)ப் பிடித்துக்கொண்டு வாங்குகிற கையெழுத்து சம்மதம் ஆகாது. ஓலை வாசிப்பது இரண்டாம் வாரத்தோடு நின்றால் காரணத்தை ஊரே ஊகிக்கும். திருமண ஆயத்த வகுப்பில் ஆற்றுப்படுத்துநர் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லி, இருவரும் சேர்ந்து தாமாகப் போய்ப் பார்க்கும்படி தூண்டுங்கள். முடிவைச் சபை கேட்கவே கூடாது.

பரிசோதனை முகாம் நடத்தலாமா?

நடத்தலாம், எச்.ஐ.வி.க்கு மட்டும் என்று வேண்டாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தச் சோகை எல்லாவற்றோடும் சேர்த்து நடத்துங்கள். முகாம்களில் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று: எல்லோரும் இரண்டு நிமிடத்தில் வெளியே வர, ஒருவர் மட்டும் ஆலோசனை அறையில் இருபது நிமிடம் இருப்பார். வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிடும். ஆகவே எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்து, முடிவை மறுநாள் நம்பிக்கை மையத்தில் வாங்கும்படி வையுங்கள். பெயர்ப் பதிவு மருத்துவப் பணியாளரிடம் இருக்கட்டும், சபைத் தொண்டர்கள் கையில் வேண்டாம்.

கர்ப்பிணிகளை முதல் மூன்று மாதத்துக்குள் பரிசோதனைக்கு அனுப்புவது பெண்கள் சங்கம் தனியாகவே செய்யக்கூடிய வேலை. ஒன்றும் செய்யாமல் விட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். தாய்க்கு மாத்திரையும் குழந்தைக்குத் தடுப்பு மருந்தும் கொடுத்தால், தாய்ப்பால் கொடுத்தாலும் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். பிறந்த பின் ஆறாம் வாரத்தில் முதல் பரிசோதனை, 18ஆம் மாதத்தில் இறுதி உறுதி. இடையில் தாய்வீடு, மாமியார் வீடு என்று மாறும்போது தொடர்பு அறுந்துபோகிறது. அதைக் கவனிக்க ஓர் அக்கா போதும்.

எங்களிடம் கொஞ்சம் பணம் இருக்கிறது. இல்லம் ஒன்று கட்டலாமா?

கட்டாதீர்கள் என்றே சொல்வோம். வாசலில் "எய்ட்ஸ் பாதித்த குழந்தைகள் இல்லம்" என்று பலகை வைத்தால், அந்தக் குழந்தைகளின் இரகசியம் பள்ளிக்கூடம் வரை தெரிந்துவிடும். பாட்டியோ சித்தியோ வளர்க்கத் தயாராக இருக்கும் குழந்தைக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, முட்டை, பள்ளிச் செலவு கொடுப்பது மலிவு, நல்லதும்கூட. அப்படி யாருமே இல்லாத குழந்தைக்குத்தான் இல்லம்.

மருந்து இலவசம். 2004 ஏப்ரல் முதல் அரசு கொடுக்கிறது. மையத்துக்குப் போக பஸ் காசும், அன்றைய கூலி போவதும்தான் பலருக்குத் தடை. அந்த இரண்டையும் ஈடுகட்ட ஒரு சிறு நிதி வைத்தால், காணிக்கைப் பணத்துக்கு இதைவிட நேரடியான பயன் அரிது. பெறுபவர் பெயர் கணக்குப் புத்தகத்தில் வராதபடி "மருத்துவப் பயண உதவி" என்ற பொதுத் தலைப்பில் எழுதுங்கள். டயாலிசிஸ், புற்றுநோய் நோயாளிகளுக்கும் அதே நிதியிலிருந்து கொடுத்தால் சந்தேகமே வராது. வளரிளம் பிள்ளைகள் மாத்திரையை ஒளித்துவைப்பது அடிக்கடி நடக்கிறது. ஏன் சாப்பிடுகிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பள்ளி வயதிலேயே படிப்படியாகச் சொல்ல வளர்ப்பவருக்கு உதவுங்கள்.

தூரத்து நாடுகளுக்கு நம்மால் என்ன முடியும்?

2001இல் மும்பையின் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துச் சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதுவரை அதன் விலை பத்தாயிரம் டாலருக்கு மேல். இன்று மேலே சொன்ன ஒற்றை மாத்திரை ஆண்டுக்கு 45 டாலருக்கும் குறைவு. ஆப்பிரிக்கா சாப்பிடுகிற மாத்திரையில் பெரும்பகுதி இந்தியத் தொழிற்சாலைகளில் தயாராகிறது. விலை தானாக இறங்கவில்லை. நோயாளிகளும் மருத்துவர்களும் சபைகளும் சேர்ந்து கொடுத்த நெருக்குதலும் அதற்குக் காரணம்.

இப்போது அதே கேள்வி திரும்ப வந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டால் தொற்றைத் தடுக்கும் லெனகாபவிர் ஊசியை 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. யாருக்கு, என்ன விலையில், எப்போது கிடைக்கும் என்பதுதான் இனிப் பேச்சு. உங்கள் பேராயமோ மறைமாவட்டமோ சேர்ந்திருக்கும் உலக அமைப்பின் பேரவையில் இதைத் தீர்மானமாக முன்வைக்கச் சொல்லலாம். எய்ட்ஸ், காசநோய், மலேரியாவை எதிர்க்கும் உலக நிதியத்துக்குத் தருவதாக நாடுகள் வாக்களிக்கும் தொகையைக் குறைக்கும்போது உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதலாம். நேரடியாகப் பணம் அனுப்புவதானால், ஜாம்பியாவின் சபைகளின் சுகாதாரச் சங்கம் போல ஏற்கெனவே அந்த நாட்டு அரசோடு இணைந்து பணிசெய்யும் அமைப்பு வழியாக அனுப்புங்கள். பழைய துணியும் காலாவதி நெருங்கிய மருந்தும் பெட்டி கட்டி அனுப்ப வேண்டாம். துறைமுகத்தில் கிடக்கும், அதற்கான கட்டணத்தைப் பெட்டியைப் பெறுகிறவர்தான் கட்ட வேண்டிவரும்.